மருந்து தெளிக்கும் முன்

வீட்டு முற்றத்து மரத்தில் இலை சுருண்டாலோ, காயில் புள்ளி விழுந்தாலோ, ஏதேனும் ஒரு மருந்தை வாங்கித் தெளிப்பது பலரது வழக்கம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து உண்பது மனிதருக்கு எவ்வளவு தீங்கோ, மரத்திற்கும் அவ்வளவு தீங்கு. எனவே, முதலில் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.

மாம் பூங்கொத்தில் வெண்பொடி படிந்திருந்தால், அது பூஞ்சையால் வரும் சாம்பல் நோய். நீரில் நனையும் கந்தகத்தூளை ஒரு லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளித்தால் அது கட்டுப்படும். பூச்சிக்கொல்லியால் அங்குப் பயனில்லை. எலுமிச்சைக் காயில் சொரசொரப்பான புள்ளிகள் தோன்றினால், அது பாக்டீரியாவால் வரும் சொறி நோய். நோயுற்ற கிளைகளை வெட்டி அகற்றியபின் தாமிரம் கலந்த மருந்தைத் தெளிப்பர். அதே மரத்தின் தளிரைப் பறவை எச்சம் போன்ற புழுக்கள் தின்றால், மருந்தே வேண்டா. கையால் பொறுக்கி அகற்றினாலே போதும்.

சில வேளைகளில் மருந்தே பகையாகிவிடும். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. பிற நாட்டிலிருந்து வந்த அப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களை அழித்தது. அதன் உடலை மூடியிருந்த மெழுகுப் பூச்சினுள் மருந்து எளிதில் புகவில்லை. நன்மை செய்யும் பூச்சிகளே மடிந்தன. 2010ஆம் ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்டுவரப்பட்டு, வயல்களில் விடப்பட்டன. அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டது. முட்டையிலிருந்து வந்த புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றது. நஞ்சு செய்ய இயலாததைச் சிறு குளவி செய்து முடித்தது.

வீட்டு மரங்களுக்கு வேம்பு நல்ல துணை. வேப்பங்கொட்டைப் பருப்புத்தூள் 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின், பூச்சிகள் இலையை உண்பதையும் வளர்வதையும் தடுக்கிறது. வெயிலில் அதன் ஆற்றல் குறையுமாதலின், மாலையில் தெளிப்பதே சிறப்பு.

வேதி மருந்து தேவைப்பட்டால், அதன் உறையில் உள்ள நிறக்குறியைப் பெரியவர்கள் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கொடிய நஞ்சையும், நீலம் நடுத்தர நஞ்சையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். பச்சைக்குறி உடையதும் நஞ்சே என்பதை மறத்தல் கூடாது. தெளித்தபின் எத்தனை நாள் கழித்துக் கனியைப் பறிக்கலாம் என்பதும் உறையில் இருக்கும். கையுறையும் முகக்கவசமும் அணிந்தே தெளித்தல் வேண்டும். மரம் பூத்துத் தேனீக்கள் வரும் வேளையில் பூச்சிக்கொல்லி தெளித்தல் ஆகாது; தேனீ மடிந்தால் காயும் குறையும்.

நாம் தெளிப்பது இலையோடு நிற்பதில்லை. மண்ணுக்கும் நீருக்கும், இறுதியில் நம் உணவுத்தட்டிற்கும் வந்து சேரும். ஆதலால் அறிந்து தேர்வோம், அளவோடு தெளிப்போம்.

சொற்பொருள்

தளிர் – இளம் இலை
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து அதனை உண்டு வாழும் உயிர்
மடிதல் – இறத்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பூங்கொத்து, கையுறை, முட்டையிட்டது.
2. சாம்பல் நோய்க்குப் பூச்சிக்கொல்லி பயன்படாதது ஏன்?
3. மாவுப்பூச்சியைக் குளவி எவ்வாறு அழித்தது? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் ஊரில் வேப்பிலையையும் வேப்பங்கொட்டையையும் எவ்வாறெல்லாம் பயன்படுத்தினர்? தாத்தா பாட்டியிடம் கேட்டு, தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.