பின்தங்கிய வேட்பாளருக்காகக் கதவு தட்டுகிறவர்களுக்கு

1976 ஜனவரியில் ஜார்ஜியாவிலிருந்து சுமார் 90 பேர் சொந்தச் செலவில் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் இறங்கினார்கள். உறைபனியில் வீடு வீடாக ஏறி இறங்கி, "எங்கள் ஊர் ஜிம்மி கார்ட்டர் அதிபர் பதவிக்கு நிற்கிறார், அவரை எங்களுக்கு நேரில் தெரியும்" என்று சொன்னார்கள். அப்போது கார்ட்டர் ஒரு முன்னாள் ஆளுநர். நாட்டில் பெரும்பாலோருக்கு அவர் பெயரே புதிது. பிப்ரவரியில் அந்த மாநில பிரைமரியில் அவர் முதலிடம் பெற்றார். நவம்பரில் அதிபர் தேர்தலிலும் வென்றார்.

அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளிலும் வேட்பாளர் பெயரைக் கட்சி மேலிடம் அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக, சில இடங்களில் பிரைமரி என்னும் வாக்குப்பதிவிலும், சில இடங்களில் காக்கஸ் என்னும் உள்ளூர்க் கூட்டத்திலும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பணமும் பிரபலமும் இல்லாத ஒருவருக்கும் வழி திறந்திருப்பது அதனால்தான். 2028-ஐ நோக்கிய பந்தயத்தில் டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ மிச்சிகனிலோ இருக்கும் தமிழர்களும் இப்படி ஒருவருக்காக உழைக்க முன்வரலாம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இத்தகைய முயற்சிகளில் உற்சாகத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. விதிகளை அறிவதிலும் பொறுமையிலும்தான் பலர் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

• உங்கள் மாநிலத்தின் விதிகளை முதலில் படியுங்கள். 2016-இல் நியூயார்க்கில், ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸின் கூட்டங்களுக்குத் திரண்ட கூட்டம் பெரியது. பிரைமரி நடந்தது ஏப்ரல் 19-இல். ஆனால் அது கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கும் பிரைமரி. வேறு கட்சியிலோ, எந்தக் கட்சியும் சாராமலோ ஏற்கெனவே பதிந்திருந்தவர் ஜனநாயகக் கட்சிக்கு மாறுவதற்கான கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. சாண்டர்ஸைப் பற்றி அப்போதுதான் கேள்விப்படத் தொடங்கியிருந்த சுயேச்சை வாக்காளர்களுக்கு அது தெரியவே தெரியாது. பிறகு அந்த மாநிலம் விதியைத் தளர்த்தியது, ஆனால் 2016-இல் ஏமாந்தவர்களுக்கு அதனால் பயனில்லை. எனவே கட்சி மாறக் கடைசி நாள், பெயர் பதியக் கடைசி நாள், முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள் ஆகிய மூன்றையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே முதல் வீட்டுக்குப் போங்கள்.

• கையெழுத்துச் சேகரிப்பைச் சீக்கிரம் தொடங்குங்கள். 2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக வர்ஜீனியாவில் போட்டியிட 10,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். அதிலும் மாநிலத்தின் 11 காங்கிரஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது 400 இருக்க வேண்டும். நியூட் கிங்ரிச்சுக்கு வர்ஜீனியாவில் வீடே இருந்தது. அவர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறவில்லை. டெக்சஸ் ஆளுநராக இருந்த ரிக் பெர்ரியின் பெயரும் ஏறவில்லை. ஏறியவை இரண்டே பெயர்கள்: முன்னணியில் இருந்த மிட் ராம்னி, அவரோடு ரான் பால். கடைசிவரை பின்தங்கியே இருந்த பாலின் பெயரை அந்தச் சீட்டில் ஏற்றியது தொண்டர்களின் உழைப்பு. தேவைக்கு மேல் தாராளமாகச் சேருங்கள், ஏனென்றால் முகவரி பொருந்தாதவை, படிக்க முடியாதவை என்று பல கழிந்துபோகும்.

• காக்கஸ் கூட்டம் முடியும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள். 2012 ஜனவரியில் அயோவாவில் நடந்ததை இதற்காகவே விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றிரவு ராம்னி 8 வாக்கில் வென்றார் என்று அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த இறுதிக் கணக்கில் ரிக் சான்டோரம் 34 வாக்கு முன்னிலையில் இருந்தார். 99 கவுண்டிகளுக்கும் நேரில் போன அவருடைய வெற்றிச் செய்தி, தலைப்புச் செய்தியாகும் காலம் கடந்தே வந்தது. ரான் பாலுக்கு 21 சதவீதத்தோடு மூன்றாம் இடம். ஆனால் அன்று பதிவான வாக்கு விருப்பத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளான டெலிகேட்டுகள் எவரையும் அது கட்டுப்படுத்தவில்லை. வாக்களித்து முடித்ததும் பெரும்பாலோர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பால் ஆதரவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டி மாநாட்டுக்கு யார் போவது என்ற தேர்வு அதன் பிறகுதான் நடந்தது. அங்கிருந்து மாவட்ட மாநாடு, பிறகு மாநில மாநாடு. கோடையில் டாம்பாவில் தேசிய மாநாடு கூடியபோது அயோவாவின் 28 டெலிகேட்டுகளில் 22 பேர் ரான் பாலுக்கு வாக்களித்தார்கள்.

அந்தப் பொறுமையை மதிக்கிறேன். அதே நேரத்தில், மாநில மக்களின் விருப்பம் ஒன்றாகவும் மாநாட்டில் ஒலித்தது இன்னொன்றாகவும் இருந்தது எனக்கு உறுத்துகிறது. கட்சித் தலைமைக்கும் உறுத்தியது, வேறு காரணத்துக்காக. மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த பால் ஆதரவு டெலிகேட்டுகளில் பாதிப்பேரை அந்த மாநாட்டில் உட்கார விடவில்லை. ஒருவரை முன்மொழிய ஐந்து மாநிலங்களின் ஆதரவு போதும் என்றிருந்த விதி, எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை என்று உயர்ந்தது. மாநிலத்தில் பதிவான வாக்குக்கு டெலிகேட்டுகள் கட்டுப்பட வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஆகவே இதே வழி மறுபடி கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். ஆனால் கட்சியின் கொள்கை அறிக்கையையும் அடுத்த முறைக்கான விதிகளையும் எழுதுவது இன்றைக்கும் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

• நேரில் பேசுங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998-இல் நியூ ஹேவன் நகர வாக்காளர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். நேரில் போய் வாக்களிக்கச் சொன்னபோது வாக்குப்பதிவு தெளிவாகக் கூடியது. அஞ்சல் சிறிதளவே பயன் தந்தது. கூலிக்கு அமர்த்தியவர்களின் தொலைபேசி அழைப்பில் பயனே தென்படவில்லை. பணமில்லாத வேட்பாளருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. வாசலில் நிற்கும்போது பாதி நேரமாவது கேளுங்கள். மருந்துச் செலவு, வாடகை, பிள்ளையின் கல்விக்கடன் என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்ட பிறகு உங்கள் வேட்பாளரைப் பற்றிச் சொன்னால் அது காதில் ஏறும்.

• இரண்டாவது விருப்பம் யார் என்று கேளுங்கள். முதல் விருப்பம் வேறொருவர் என்றதும் நன்றி சொல்லித் திரும்பிவிடுவது பெரிய நஷ்டம். ஜனநாயகக் கட்சியின் அயோவா காக்கஸ்களில் 2020 வரை ஒரு கூட்டத்தில் பொதுவாக 15 சதவீதம் எட்டாத வேட்பாளரின் ஆதரவாளர்கள் வேறு அணிக்குப் போகலாம் என்றிருந்தது. அந்த நேரத்தில் அவர்கள் போனது தங்களிடம் மரியாதையாகப் பேசியவர்களிடம்தான். 2025 ஜூனில் நியூயார்க் நகர மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி பிரைமரியிலும் இது தெரிந்தது. ஆண்டுத் தொடக்கத்துக் கருத்துக்கணிப்பில் 1 சதவீதத்தில் இருந்தவர் ஸோரான் மம்தானி. அங்கே வாக்காளர் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தலாம். மம்தானியும் இன்னொரு வேட்பாளரான பிராட் லேண்டரும், என்னை முதலில் வையுங்கள், அவரை இரண்டாவதாக வையுங்கள் என்று ஒருவருக்கொருவர் ஆதரவு தந்தார்கள். முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை மம்தானி இறுதிச் சுற்றில் சுமார் 56 சதவீத வாக்கோடு வென்றார்.

• சிறிய மாநிலத்தில் இருக்கிறோமே என்று சோர்ந்துவிடாதீர்கள். 2008 பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சி பிரைமரியை வென்ற ஹிலாரி கிளின்டனுக்கு அங்கே ஒபாமாவைவிட 11 டெலிகேட்டுகள் கூடுதலாகக் கிடைத்தார்கள். அதே நாளில் ஐடஹோவின் காக்கஸ்களில் ஒபாமாவுக்குக் கிடைத்த கூடுதல் 12. நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஐடஹோ கூட்டங்களுக்கு வந்தவர்கள் அதில் மிகச் சிறு பங்குதான்.

• இதுவரை வராதவர்களைத் தேடிப் பிடியுங்கள். பொதுத்தேர்தல் நாளுக்குள் 18 வயது நிறைகிறவர் 17 வயதிலேயே அயோவா காக்கஸில் கலந்துகொள்ளலாம். 2008-இல் ஒபாமா அணி உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேடிப் போனது அதனால்தான். நம் தமிழ்ச்சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் இந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்!

• உங்கள் குடியுரிமை நிலைக்கு எது சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது. சம்பளமில்லாத தொண்டராகக் கதவு தட்டலாம், தொலைபேசியில் பேசலாம். பிரசார முடிவுகளில் பங்கெடுக்கக்கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம். ஆனால் வாக்காளராகப் பதியும் படிவத்தில் இவர்கள் யாரும் கையெழுத்திடவே கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் அந்தப் படிவத்தை நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். பின்னால் குடியுரிமை கேட்கும்போது அது பெரும் சிக்கலாகும்.

செய்யக்கூடாதவை

• ஊருக்குள் படையெடுப்பதுபோல் போகாதீர்கள். 2004 ஜனவரியில், ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீனுக்காக நாடெங்கிலுமிருந்து சுமார் 3,500 தொண்டர்கள் அயோவாவில் வந்து குவிந்தார்கள். எல்லார் தலையிலும் ஆரஞ்சு நிறக் குல்லாய். இணையம் வழியாகத் திரண்ட தொடக்ககாலப் பெரிய அரசியல் கூட்டங்களில் ஒன்று அது, அவர்களுடைய ஈடுபாட்டில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. டீனுக்குக் கிடைத்தது 18 சதவீதமும் மூன்றாம் இடமும். போட்டியாளர் டிக் கெப்ஹார்ட்டோடு மாறி மாறி நடந்த விளம்பரச் சண்டையும் அவரைச் சரித்தது என்பது உண்மை. ஆனால் வாசலில் நின்ற ஆரஞ்சுக் குல்லாய், இவர் வெளியூர்க்காரர் என்பதைத்தான் வாய் திறக்கும் முன்பே சொன்னது.

வெளியூர்க்காரர்களே போகக்கூடாது என்று சொல்லவில்லை. கார்ட்டருக்காகப் போனவர்களும் வெளியூர்க்காரர்கள்தான், ஆனால் தாங்கள் அறிந்த மனிதரைப் பற்றிப் பேசினார்கள். 1968-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற யூஜின் மெக்கார்த்திக்காக நியூ ஹாம்ப்ஷயருக்குப் போன மாணவர்களும் வெளியூர்க்காரர்கள்தான். வியட்நாம் போரை எதிர்த்த அந்த இளைஞர்கள் தாடியை மழித்து, முடியை வெட்டிக்கொண்டு பெரியவர்களின் வாசலில் நின்றார்கள். மழிக்க மனமில்லாதவர்கள் அலுவலகத்துக்குள் உறைகளில் முகவரி எழுதினார்கள். பதவியில் இருந்த அதிபர் ஜான்சனின் பெயரைச் சீட்டில் எழுதி வாக்களித்தவர்கள் சுமார் 49 சதவீதம், மெக்கார்த்திக்கு 42. மாதம் முடிவதற்குள் ஜான்சன் போட்டியிலிருந்தே விலகினார். அந்த மாணவர்கள் கொள்கையில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்பவர் கவனம் தங்கள் தோற்றத்தில் சிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

• திரண்ட பணத்தை வாக்காக எண்ணாதீர்கள். 2007-இல் ரான் பால் ஆதரவாளர்கள் தாங்களே நாள் குறித்து நவம்பர் 5 அன்று 40 லட்சம் டாலருக்கு மேலும், டிசம்பர் 16 அன்று சுமார் 60 லட்சம் டாலரும் திரட்டினார்கள். அவர் பெயர் தாங்கிய ஆகாயக் கப்பலும் பறந்தது. அடுத்த மாதம் அயோவாவில் 10 சதவீதம், நியூ ஹாம்ப்ஷயரில் 8. இரண்டிலும் ஐந்தாம் இடம். நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆதரவாளர்களின் பணம் ஒரே நாளில் ஓரிடத்தில் சேரும். அவர்களுடைய வாக்கு அப்படிச் சேராது.

• இன்னொருவர் பெயரில் நன்கொடை கொடுக்காதீர்கள். கூட்டாட்சித் தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடியது 2025-26-இல் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரி ஒரு தேர்தல், நவம்பர் இன்னொன்று. வரம்பைத் தாண்ட மச்சினர் பெயரிலோ ஊழியர் பெயரிலோ போடுவது குற்றம். மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயரும் வேலையும் பொதுப் பதிவேட்டில் வரும் என்பதையும் அறிந்தே கொடுங்கள்.

• அஞ்சல் பெட்டிக்குள் துண்டறிக்கை வைக்காதீர்கள். தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடச் சட்டம் இடம் தரவில்லை. கதவிடுக்கில் செருகுங்கள்.

• எதிரணித் தொண்டரை எதிரியாக்காதீர்கள். 2016 மே மாதம் லாஸ் வேகஸில் நடந்த நெவாடா மாநில மாநாட்டில் விதிகளைப் பற்றி சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்கு மனக்குறை இருந்தது. அது கூச்சலாகி, மாநிலக் கட்சித் தலைவியாக இருந்த பெண்மணிக்கு மிரட்டல் அழைப்புகள் போகும் அளவுக்கு முற்றியது. அன்றிலிருந்து எல்லாரும் பேசியது மிரட்டலைப் பற்றித்தான், மனக்குறையைப் பற்றி அல்ல. உங்கள் ஆள் ஜெயித்தால் நவம்பரில் அவர்களுடைய வாக்கு வேண்டும். தோற்றால், அடுத்த ஊர்க் கூட்டத்தில் அவர்களோடுதான் உட்கார வேண்டும்.

• தோல்வி இரவில் எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள். பிரைமரிகளில் போட்டியிடாமலே 1968-இல் ஹூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளரானபோது மெக்கார்த்தி ஆட்கள் நொந்துபோனார்கள். ஆனால் அந்தக் கோபத்திலிருந்து பிறந்த மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழுதான் டெலிகேட் தேர்வை மேலிடத்திடமிருந்து வாக்காளர் கைக்கு மாற்றியது. எட்டு ஆண்டு கழித்துக் கார்ட்டர் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். டீனும் வீட்டில் முடங்கவில்லை. 2005-இல் கட்சியின் தேசியக் குழுத் தலைவராகி, கைவிடப்பட்ட மாநிலங்கள் உட்பட 50 மாநிலங்களிலும் ஆட்களை அமர்த்தினார். நீங்கள் பேசிய குடும்பங்களின் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள், உதவிய ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதுங்கள். பிறகு கவுண்டி கட்சி அலுவலகத்துக்குப் போய், உங்கள் வாக்குச்சாவடிப் பகுதியின் கட்சிப் பிரதிநிதி இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். நிற்க ஆளில்லாமல் அந்த இடங்கள் பல ஊர்களில் காலியாகவே கிடக்கின்றன. காலியென்றால் மனுவை வாங்கி உங்கள் பெயரை எழுதுங்கள்.