கிலுகிலுப்பை: மலைநாட்டுக்கேற்ற பசுந்தாட் பசளை



லிந்துலைப் பகுதியின் வழியோரங்களிலும் தேயிலைச் சரிவுகளிலும் மஞ்சட் பூக்கொத்துகளுடன் ஆளுயரம் வளரும் ஒரு செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் உலர்ந்த காயை அசைத்தால் உள்ளிருக்கும் விதைகள் ஒலிக்கும். ஆதலின் கிலுகிலுப்பை எனப் பெயர் பெற்றது. அமெரிக்க வெப்ப நாடுகளுக்குரிய இச்செடி, தேயிலைத் தோட்டங்களிற் பசுந்தாட் பசளைக்காக வளர்க்கப்பட்டுப் பின்னர்த் தானே பரவியது.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது மரக்கறித் தோட்டங்கள் பட்ட துன்பத்தை ஒருவரும் மறந்திரார். பசளையின் ஒரு பகுதியையேனும் தம் நிலத்திலேயே உண்டாக்கிக்கொள்வது கமக்காரருக்குப் பாதுகாப்பாகும்.

இச்செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியா, காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஊட்டுகின்றது. ஒரு முடிச்சை நகத்தாற் பிளந்து பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாயிருப்பின் அது வேலை செய்கின்றது என அறியலாம்.

விதைக்கும் முறை: விதைத்தோல் கடினமானது. கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுக. சித்திரை மழையுடன், சரிவுக்குக் குறுக்காக, கான்களின் மேற்கரையில் இரண்டடி இடைவெளியுள்ள வரிசைகளில் அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். இவ்வாறு வளர்ந்த வரிசை, தென்மேற்குப் பருவமழை மேல்மண்ணை அரித்துக் கொத்மலை ஓயாவிற் சேர்ப்பதையும் குறைக்கும்.

வெட்டும் காலம்: இதுவே முக்கியமானது. முதற் பூக்கள் தோன்றியவுடன் வெட்டுக. காய் முற்றவிட்டால் தண்டு மரமாகும். அதனை மண்ணிற் புதைத்தால் உக்குவதற்கு மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும். விதையும் சிதறிக் களையாகும். விதைக்கென இரண்டொரு செடிகளை மட்டும் விட்டுவைக்கவும். முழங்கால் உயரம் விட்டு வெட்டின் செடி மீண்டும் தளிர்க்கும்.

இடும் முறை: தழையைத் துண்டாக்கிப் பாத்தியிற் புதைத்து, மூன்று வாரங்கள் கழித்தே கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு முதலியவற்றை நடுக. குளிர்ந்த நிலத்தில் தழை மெதுவாகவே உக்கும். வயலுடையோர் தழையை உழுத சேற்றிற் பரப்பி மிதித்து, உக்கியபின் நாற்று நடலாம்.

எச்சரிக்கை: கிலுகிலுப்பைத் தழையும் விதையும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையன. மாடு, ஆடுகளுக்குத் தீனியாகக் கொடுத்தலாகாது. வெட்டிய தழையைப் பட்டியின் அருகிற் குவித்து வைக்கவும் வேண்டாம். ஹோட்டன் சமவெளியிற் பரவிக் கேடு செய்யும் முள்ளுள்ள மஞ்சட் பூப்புதர் வேறொரு செடி. அதனைக் கொணர்ந்து நடாதீர்கள்.

இப்பசளை நைதரசனையே காற்றிலிருந்து பெறும்; பொசுபரசையும் பொற்றாசியத்தையும் புதிதாய்த் தராது. ஆதலின் மண்ணைப் பரிசோதித்து, குறையும் சத்தை மட்டும் வேறாக இடுக. பூக்கும் பருவத்தில் வெட்டுக, காய்க்குமுன் புதைக்குக, கால்நடைக்கு எட்டாது காக்குக.