வைஃபையில் படம் தேய்வதில்லை

"வைஃபைல அனுப்பாதீங்க, கிளாரிட்டி போயிடும். கேபிள் போட்டு எடுத்துக்கலாம்." ஜீவனஹள்ளியில் போட்டோ பிரிண்ட் போடப் போகிற இடமெல்லாம் இதே பேச்சு. நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது முழுப் பொய். படித்தவர்களும் இதை நம்பிப் பரப்புவதுதான் எரிச்சலூட்டுகிறது.

படம் மொத்தமாகப் பறந்து போவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட ஃபிரேம்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் கடைசியிலும் 4 பைட் சோதனை எண் இருக்கும். அனுப்பும் கருவி போட்ட கணக்கை வாங்கும் கருவியும் போட்டுப் பார்க்கும். 1961இல் வெஸ்லி பீட்டர்சன் வகுத்த சிஆர்சி முறை இது. அடுத்தடுத்த 32 பிட்டுகளுக்குள் நேரும் எந்தச் சிதைவும் இதற்குத் தப்பாது. அதைவிட நீண்ட சிதைவு நழுவும் வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. கணக்கு இடித்தால் அந்த ஃபிரேம் குப்பைக்குத்தான்.

கேபிளைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இதையும் கேளுங்கள். லேன் கேபிளில் ஓடும் ஈதர்நெட் கெட்ட ஃபிரேமை எறிவதோடு சரி, மறுபடி அனுப்பச் சொல்வதில்லை. அந்த வேலை மேலடுக்கில் இருக்கும் டிசிபி என்ற நெறிமுறையுடையது. வைஃபையோ 1997இல் வந்த முதல் 802.11 தரத்திலிருந்தே 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. வராவிட்டால் தானே மறுபடி அனுப்புகிறது. காற்றில் இரைச்சல் அதிகம் என்று தெரிந்தே அப்படி அமைத்தார்கள்.

பிறகு படம் ஏன் மங்குகிறது? அனுப்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பிப் பாருங்கள், ஒரு பிட்டும் மாறாது.

இதுபோல் வேறு கதைகளும் உண்டு. 'கேபிள் நீளமானால் படம் கெடும்' என்பார்கள். ஒழுங்கான லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். 'சிக்னல் கோடு முழுசா இருக்கு, அப்புறம் ஏன் ஸ்லோ?' கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டும், நெரிசலை அல்ல.

வைஃபையில் போவது தரம் அல்ல, நேரம். வீட்டோடு வீடு ஒட்டிய நம் தெருக்களில் எல்லா ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஃபிரேம்கள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதால் வேகம் விழுகிறது. நகராத டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் காற்றை ஏன் செலவழிக்க வேண்டும்? வீடு கட்டுகிறவர்களே, வயரிங் பைப் பதிக்கும்போதே அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சுவர் பூசிய பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள்.