ஊர் ஏக்கம் வீண் அல்ல

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். இப்போது சென்னையில் வேலை. வயலும் வாய்க்காலும் கண்ணிலேயே நிற்கின்றன. என் பிள்ளைகளுக்கு அதில் ஒரு துளியாவது கொடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நிச்சயம் முடியும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் போனால் பிள்ளைகள் ஊரைப் பார்ப்பார்கள். வெள்ளாமையைப் பார்க்க மாட்டார்கள். வேலை நடக்கும் நாளில் அழைத்துப் போங்கள்.

போதிய நீர் இருந்தால் ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணை வழியே உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்வதைக் காட்டுங்கள். நாற்றுப் பறித்து முடி கட்டுவதையும், சேற்றில் இறங்கி நடுவதையும் பார்க்கட்டும். முடிந்தால் அவர்களும் இறங்கட்டும்.

தை மாதம் இன்னொரு அதிசயம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளிப்பார்கள். நெல் அறுத்த பிறகு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்தே அது விளைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக உழவர்கள் சேர்த்த அறிவு இது.

ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு இனிக்கும் அந்த வயல், நாளெல்லாம் குனிந்து நட்ட பெண்களின் முதுகுவலியும்தான். அவர்கள் பேச, உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். சோறு யார் உழைப்பு என்று தெரிந்து வளரும் பிள்ளைக்கு ஊர் ஒருநாளும் அந்நியமாகாது.