எலுமிச்சை எப்போது பூக்கும்?

ஹடப்சர் சந்தையில் மழைக்காலத்தில் எலுமிச்சை மலிவாகக் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அதே பழத்தின் விலை ஏறிவிடும். வெயில் காலத்தில்தான் எல்லாருக்கும் சர்பத் வேண்டும். அப்போதுதான் மரத்தில் பழமும் குறைவு. இது ஏன்?

எலுமிச்சை பூத்துப் பழமாக ஏறக்குறைய 5 அல்லது 6 மாதம் ஆகும். ஆகவே, எப்போது பழம் வரும் என்பதைப் பூதான் முடிவு செய்கிறது.

மூன்று பருவங்கள்

மகாராஷ்டிரத்தில் பூக்கும் பருவத்தை 'பகார்' என்பார்கள். எலுமிச்சைக்கு 3 பகார் உண்டு.

ஆம்பே பகார்: ஜனவரி, பிப்ரவரியில் பூக்கும். அது மாமரம் பூக்கும் காலம். மழைக்காலத்தில் பழம் வரும்.

மிருக் பகார்: ஜூன், ஜூலையில் பூக்கும். மிருகசீரிட நட்சத்திரத்தின் பெயர் இது. குளிர்காலத்தில் பழம் வரும்.

ஹஸ்த பகார்: செப்டம்பர், அக்டோபரில் பூக்கும். நாம் அஸ்தம் என்று சொல்லும் நட்சத்திரத்தின் பெயர் இது. கோடையில் பழம் வரும். நல்ல விலையும் கிடைக்கும்.

மரத்துக்குள் என்ன நடக்கிறது?

மரத்துக்குள் மிகச் சிறிய அளவில் சில பொருள்கள் ஊறுகின்றன. இவற்றை ஹார்மோன் என்கிறோம். அதில் ஒன்று ஜிப்ரலின். 1926ஆம் ஆண்டு குரோசாவா என்ற ஜப்பானிய அறிஞர் நெற்பயிர் நோய் ஒன்றை ஆராய்ந்தார். நோய் கண்ட நாற்றுகள் மிக உயரமாக வளர்ந்தன. ஒரு பூஞ்சையில் இருந்து வரும் பொருளே அதற்குக் காரணம் என்று காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின்.

ஜிப்ரலின் தண்டை நீட்டும். எலுமிச்சையில் அது பூவைத் தடுக்கும்.

தண்ணீரை நிறுத்தினால் மரம் வாடும். அப்சிசிக் அமிலம் என்ற மற்றொரு ஹார்மோன் கூடும். இலைகள் தண்ணீரைச் சேமிக்கும். புதுத் தளிர் வராது. சேர்த்து வைத்த உணவு செலவாகாமல் இருக்கும். பிறகு எருவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் சில வாரத்தில் மரம் பூக்கும்.

விவசாயியின் சிக்கல்

ஹஸ்த பகாருக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் மரம் வாட வேண்டும். ஆனால் அது மழைக்காலம். வானத்தை யார் நிறுத்த முடியும்? அதனால்தான் கோடையில் பழம் குறைகிறது.

இங்கே ஹார்மோன் உதவுகிறது. ஜூன் மாதம் ஜிப்ரலின் தெளித்தால் மிருக் பகார் பூ குறையும். மரத்தின் சத்து மிஞ்சும். செப்டம்பரில் ஜிப்ரலினைக் குறைக்கும் மருந்தைத் தெளிக்கிறார்கள். அப்போது பூ கூடும்.

கவனம் தேவை

மரத்தை அளவுக்கு மீறி வாட விட்டால் கிளைகள் காயும். மரமே பட்டுப் போகலாம். மணல் மண் சீக்கிரம் காயும். கரிசல் மண் காய நாள் ஆகும். மண்ணுக்கு ஏற்றபடி நாளை முடிவு செய்ய வேண்டும்.

மருந்தின் அளவைக் கடைக்காரரை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். வேளாண் அலுவலரைக் கேளுங்கள். ராகுரியில் மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. சாய் சர்பதி என்ற எலுமிச்சை ரகத்தைத் தந்தது அதுதான். நாக்பூரில் எலுமிச்சை, ஆரஞ்சுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்துப் புட்டியில் உள்ள எழுத்தை நீங்களே படியுங்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

விடை சொல்லுங்கள்

1. கோடையில் பழம் தரும் பகார் எது?
2. பூவைத் தடுக்கும் ஹார்மோன் எது?
3. மழைக்காலத்தில் மரத்தை வாட வைப்பது ஏன் கடினம்?