கணினிக்கு இடும் ஏவல்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வா, போ, நில், எடு, படி என்பன தமிழில் ஏவல் வினைகள். முன்னிற்பவரை நோக்கிக் கூறும் இச்சொற்களில் வினையின் பகுதியே தனித்து நின்று முழுப்பொருளையும் தந்துவிடுகிறது. ‘நீ’ என்னும் எழுவாய் தோன்றாமலே நிற்கிறது. இத்தகைய ஏவல் பகாப்பதங்களுக்கு நன்னூலார் 23 வாய்பாடுகளைத் தந்துள்ளார் என்பதைத் தமிழ் வகுப்பில் படித்தோர் அறிவர்.

கணினியோடு பேசுவதற்கும் இதுபோன்ற ஏவல் மொழி ஒன்று உண்டு. அதன் முதற் சில சொற்களை நம் கல்லூரி நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தெரிந்தால்தான் கணினி கைவரும் என்னும் அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்கு இவ்வச்சம் இன்னும் மிகுதி; ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஆனால் கணினியின் ஏவல் மொழிக்குத் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு சொற்களும், பொறுமையும் மட்டுமே.

லினக்ஸ் வந்த வழி

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் ‘யூனிக்ஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் கணினியோடு பேச ‘டெலிடைப்’ என்னும் தட்டச்சு இயந்திரங்கள் பயன்பட்டன. அவற்றுள் பெயர்பெற்ற ஒரு வகை நொடிக்கு 10 எழுத்துகளையே அச்சிடும்; விசைகளோ அழுத்துவதற்குக் கடினமானவை. ஆதலின் ஆணைகளை இரண்டு மூன்று எழுத்துகளில் சுருக்கி வைத்தனர். அன்று வைத்த அச்சுருக்கப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும், படித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குத் தரவும் உரிமையுள்ள ‘குனு’ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருநிரலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. நம் வகுப்புத் தோழர்களின் வயதுதான். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் அந்த லினக்ஸ் கருவே. 2017 நவம்பர்ப் பட்டியலில் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்சிலேயே இயங்கின.

நம் நாட்டில் சி-டாக் என்னும் மைய அரசின் கணினி ஆய்வு நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்த்தே தரப்பட்டது. ஆகவே லினக்ஸ் நமக்கு அயலூர்ப் பொருளன்று. ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அண்ணனோ அக்காளோ பள்ளியில் பெற்ற மடிக்கணினி உள்ள வீடுகள் உண்டு. அவற்றில் பாஸ் ஒருமுறையேனும் திறக்கப்பட்டிருக்குமா என்பதே வினா.

ஏவலின் இலக்கணம்

உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும். பட்டியலில் ‘டெர்மினல்’ என்னும் பெயரைத் தேடியும் திறக்கலாம். கருந்திரையில் நம் பயனர் பெயரும் இறுதியில் ஒரு டாலர் குறியும் தோன்றும். ‘சொல், கேட்கிறேன்’ என்பதே அக்குறியின் பொருள்.

இக்கட்டுரையில் ஆணைகளின் எழுத்துகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியுள்ளேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக, நடுவே கோடின்றிச் சேர்த்து அடித்து, என்டர் விசையைத் தட்ட வேண்டும்.

தமிழில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வரும். ‘புத்தகத்தை எடு’ என்கிறோம். முனையத்தில் வினை முதலில் வரும். அதனை அடுத்து, எவ்வாறு செய்ய வேண்டும் என்பதைக் கூறும் அடைமொழி ஒரு சிறுகோட்டுடன் வரும். இறுதியில் செயப்படுபொருள் வரும். மற்றொரு வேறுபாடும் உண்டு. தமிழில் சொற்கள் புணரும். இங்குப் புணர்ச்சியே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே வெற்றிடம் விட்டே ஆகவேண்டும். கோப்பின் பெயருக்குள் வெற்றிடம் இருந்தால் கணினி அதனை இரண்டு பெயர்களாகக் கொள்ளும்; ஆதலின் பெயர்களை ஒரே சொல்லாக வைப்பது நலம்.

பட்டாவும் பாதையும்

கோப்புகள் இருக்கும் இடத்தை அடைவு என்கிறோம். ஓர் அடைவுக்குள் வேறு அடைவுகள் இருக்கலாம். இவ்வமைப்பை விளங்கிக்கொள்ள நிலப்பட்டாவை நினைத்தால் போதும். பட்டாவைத் தேடும்போது முதலில் மாவட்டம் அரியலூர், அடுத்து வட்டம் ஆண்டிமடம், அடுத்துக் கிராமம், அதன்பின் சர்வே எண், இறுதியில் உட்பிரிவு எனப் பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்கிறோம். லினக்சில் ஒரு கோப்பின் பாதையும் அவ்வாறே எழுதப்படும். எல்லாவற்றுக்கும் மேலே உள்ள அடைவுக்கு ‘வேர்’ என்று பெயர். அதன் குறி ஒரு சாய்கோடு. பாதையின் ஒவ்வொரு படிக்கும் இடையிலும் சாய்கோடு வரும். அஞ்சல் உறையில் நாம் எழுதும் முகவரி இதற்கு நேர்மாறானது. அதில் வீட்டு எண்ணிலிருந்து மாவட்டத்துக்குப் போகிறோம்.

வேரிலிருந்து தொடங்கும் பாதை முழுப்பாதை. நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் பாதை சார்புப் பாதை. ‘பக்கத்து உட்பிரிவு’ என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கு நிற்கிறார் என்பது தெரிந்தால்தான் பொருள் விளங்கும். எனவேதான் முனையத்தில் முதற்கேள்வி ‘நான் எங்கு நிற்கிறேன்?’ என்பதாக இருக்க வேண்டும்.

நாள்தோறும் பயன்படும் ஆணைகள்

1. பி-டபிள்யூ-டி: நிற்கும் இடத்தின் முழுப்பாதையைக் கூறும்.

2. எல்-எஸ்: அவ்விடத்தில் உள்ள கோப்புகளையும் அடைவுகளையும் பட்டியலிடும். சிறுகோடு எல் சேர்த்தால் அளவு, தேதி, உரிமையாளர் முதலிய விவரங்களும் வரும்.

3. சி-டி: பெயர் கூறிய அடைவுக்குப் போகும். பெயருக்குப் பதில் இரண்டு புள்ளிகள் இட்டால் ஒரு படி மேலே ஏறும். எதுவும் சேர்க்காமல் சி-டி என்று மட்டும் அடித்தால், எங்கிருந்தாலும் நம் சொந்த அடைவுக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

4. எம்-கே-டி-ஐ-ஆர்: புதிய அடைவை உண்டாக்கும்.

5. சி-பி: கோப்பைப் படியெடுக்கும். முதலில் மூலத்தின் பெயர், அடுத்துப் படியின் பெயர்.

6. எம்-வி: கோப்பை இடம் மாற்றும், பெயரையும் மாற்றும். கணினிக்கு இவ்விரண்டும் ஒரே செயல்தான்.

7. சி-ஏ-டி: கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும். நீண்ட கோப்பாயின் எல்-இ-எஸ்-எஸ் என்பதைப் பயன்படுத்திப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கியூ விசையை அழுத்தினால் வெளிவரலாம்.

8. ஜி-ஆர்-இ-பி: நாம் கொடுக்கும் சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும்.

9. டபிள்யூ-சி: வரி, சொல், பைட் ஆகியவற்றை எண்ணித் தரும்.

10. எம்-ஏ-என்: வேறோர் ஆணையின் பெயரை இதனுடன் சேர்த்தால், அந்த ஆணைக்குரிய கையேட்டைத் திறக்கும். கேட்க ஆளில்லாத வீட்டில் இந்த ஓர் ஆணையே ஆசிரியர் எனலாம்.

11. ஆர்-எம்: கோப்பை அழிக்கும். இவ்வாறு அழித்தது குப்பைக்கூடைக்குப் போவதில்லை, திரும்பவும் வாராது. சிறுகோடு ஐ சேர்த்தால், அழிக்குமுன் ஒவ்வொன்றுக்கும் நம் ஒப்புதலைக் கேட்கும். தொடக்கத்தில் இதனைச் சேர்க்காமல் அழிக்கலாகாது.

ஒரு பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்துவிட்டு ‘டேப்’ விசையைத் தட்டினால் எஞ்சியதைக் கணினியே நிரப்பும். மேல்நோக்கிய அம்பு விசை, முன்பு அடித்த ஆணைகளை மீண்டும் கொண்டுவரும்.

குழாயும் முந்திரிக் கணக்கும்

யூனிக்சின் தனிச்சிறப்பு ‘குழாய்’ என்னும் அமைப்பாகும். டக்ளஸ் மெக்கில்ராய் என்பாரின் கருத்தின்படி 1973இல் இது சேர்க்கப்பட்டது. ஓர் ஆணையின் விடையை அடுத்த ஆணைக்குள் பாய்ச்சுவதே இதன் வேலை. இதன் குறி ஒரு நெடுங்கோடு. ஏற்றத்திலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து பாத்திக்கும் நீர் போவதைப் போன்றது இது.

எங்கள் பகுதியில் முந்திரி முதன்மையான பயிர். கொட்டை விற்ற கணக்கைப் பல வீடுகளில் நினைவிலேயே வைத்திருப்பார்கள். அதனை ஆண்டுக்கொரு கோப்பாக, விற்பனைக்கொரு வரியாக எழுதுவோம் எனக் கொள்க. ஒவ்வொரு வரியிலும் மாதம், வாங்கியவர், எடை, கிலோ விலை என நான்கு சொற்கள். ஜி-ஆர்-இ-பி ஆணையால் ‘சித்திரை’ என்னும் சொல் உள்ள வரிகளைப் பொறுக்கி, குழாய் வழியே எஸ்-ஓ-ஆர்-டி என்னும் வரிசைப்படுத்தும் ஆணைக்கு அனுப்பலாம். அதனுடன் சிறுகோடு என், சிறுகோடு கே, 4 ஆகியவற்றைச் சேர்த்தால், நான்காம் சொல்லாகிய விலையின்படி ஏறுவரிசை அமையும். மீண்டும் ஒரு குழாய் இட்டு, டி-ஏ-ஐ-எல் என்னும் ஆணையுடன் சிறுகோடு என், 1 ஆகியவற்றைச் சேர்த்தால் கடைசி வரி மட்டும் வரும். சித்திரையில் மிகுந்த விலை கொடுத்தவர் யார் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு பருவத்துக் கணக்கை இவ்வாறு எழுதி வைத்தோம். எந்த மாதத்தில் பணமுடையால் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம் என்பதை என் தாயார் அதன்பின் மாதப் பெயரோடு கூறத் தொடங்கினார். அவர் பள்ளி சென்றவரல்லர். அவருடைய கேள்விகளுக்கு விடை தேடியபோதுதான் குழாயின் பயன் எனக்கும் முழுதாக விளங்கிற்று.

‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து?

இனி ஒரு சிறு சோதனை. இ-சி-எச்-ஓ என்பது நாம் கூறியதைத் திருப்பிக் கூறும் ஆணை. அதனுடன் ‘தமிழ்’ என்னும் சொல்லை அடித்து, குழாய் வழியே டபிள்யூ-சி ஆணைக்கு அனுப்பி, சிறுகோடு எம் சேர்த்தால் 6 என்று விடை வரும். அதில் ஒன்று வரி முடிவுக்குறி, எஞ்சியவை 5. இலக்கணப்படி எழுத்து மூன்றாயிற்றே என்று வியக்கலாம். கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணுகிறது. சிறுகோடு எம் என்பதற்குப் பதில் சிறுகோடு சி இட்டால் 16 வரும். வரி முடிவை நீக்க 15 பைட். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்வதே காரணம்.

இலக்கணத்தில் ‘ழ்’ என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் சேர ‘ழ’ பிறக்கிறது. கணினியிலோ ‘ழ’ அடிப்படை. அதன்மேல் புள்ளி வைக்க ‘ழ்’ பிறக்கிறது. தமிழ்த்துறை மாணவர்களும் ஆராயத்தக்க செய்தி இது. சில முனையங்களில் தமிழ் எழுத்து சிதைந்து தோன்றக்கூடும். கோப்பினுள் அது சரியாகவே இருக்கும்.

மூன்று மறுமொழிகள்

புதிதாகப் பயில்வோரை மிரட்டுவன ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்திகளே. அடிக்கடி வருவன மூன்று மட்டுமே. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றால், அப்பெயரில் ஆணை இல்லை. எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க வேண்டும், அல்லது அந்த மென்பொருளை நிறுவ வேண்டும். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்றால், நாம் கூறிய இடத்தில் அப்பெயர் இல்லை. பி-டபிள்யூ-டி, எல்-எஸ் இரண்டையும் இட்டுப் பார்க்க வேண்டும். ‘பெர்மிஷன் டினைட்’ என்றால், அதனைச் செய்ய நமக்கு உரிமை இல்லை. அக்கோப்பின் உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும்.

இவை கண்டிப்புகள் அல்ல, தகவல்கள். எங்கே தடை என்பதை அவை சுட்டுகின்றன. எத்தனை முறை தவறாகக் கேட்டாலும் முனையம் அதே குரலில்தான் மறுமொழி கூறும். பக்கத்திலிருப்போர் சிரிப்பார்களோ என்னும் கூச்சத்துக்கு அங்கு இடமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எஸ்-யு-டி-ஓ என்னும் சொல்லை முன்னே சேர்த்தால் முழு அதிகாரத்துடன் ஆணை நடைபெறும். பொருள் விளங்காத ஆணையை எவர் கொடுத்தாலும் அச்சொல்லோடு சேர்த்து அடிக்கலாகாது.

எங்கே பயிலலாம்?

வீட்டில் மடிக்கணினி இருந்தால், அதைத் தொடக்கும்போது தோன்றும் பட்டியலில் பாஸ் உள்ளதா என்று பார்க்கலாம். இல்லையெனில் உபுண்டு, டெபியன் போன்றவற்றைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். கணினியே இல்லாதோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டெர்மக்ஸ்’ என்னும் இலவசச் செயலியை ஏற்றிக்கொண்டால், மேற்கூறிய ஆணைகளைப் பயிலலாம். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழின் கட்டுரைகளும் நூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் ஊரக மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகின்றனர்.

நம் கல்லூரியிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கணினி ஆய்வகத்தில் இதற்கென ஒதுக்கித் தருமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். இரண்டு பேருக்கு ஒரு கணினி இருந்தாலே போதும். ஒருவர் அடிக்க, மற்றவர் மறுமொழியை உரக்கப் படிக்கலாம். நண்பர்களே, முதல் நாளில் மூன்றே ஆணைகள் போதும்: எங்கு நிற்கிறேன், இங்கு என்ன உள்ளது, அடுத்து எங்குப் போவது. இம்மூன்றும் கைவந்தபின் எஞ்சியவற்றைக் கையேட்டின் துணைகொண்டு நாமே கற்றுக்கொள்ளலாம்.