வீட்டு உலையின் குறிப்பறிதல்

உலை என்றவுடன் நம்மூரில் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று சோற்றுக்கு வைக்கும் உலை. மற்றது கொல்லன் பட்டடையில் துருத்தியால் ஊதப்படும் உலை. கனடாவிற் குடியேறிய நம் பழைய மாணவர்க்கோ மூன்றாவதொன்றும் உண்டு. வீட்டின் நிலக்கீழ் அறையில், ஓர் அலுமாரி அளவினதாய், தகட்டுப் பெட்டிக்குள் மறைந்து நின்று, ஐப்பசி தொடக்கம் சித்திரை வரை வீட்டிலுள்ளார் அனைவரையும் குளிரினின்று காப்பது அது. அங்குள்ளோர் அதனைப் பேர்னஸ் என்பர். ரொறன்ரோ நகரில் தை மாதத்து இரவு சில ஆண்டுகளில் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசு வரை இறங்குவதுண்டு. அத்தகைய இரவில் அப்பெட்டி ஓய்ந்துவிடின் சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். பின்னர் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கவுங் கூடும்.

அவ்வுலையைப் பழுதுபார்க்கக் கற்பிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்ராறியோ மாகாணத்தில் எரிவாயுக் கருவிகளைப் பழுதுபார்க்க அத்தாட்சி பெற்றோருக்கே உரிமையுண்டு. உலை காட்டுங் குறிகளை அறிந்து, நாமே செய்யத்தக்கது எது, தொழில் வல்லாரை அழைக்கவேண்டியது எது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவேண்டியது எப்பொழுது என்னும் மூன்றையும் பிரித்தறிந்தாற் போதும். இதற்கு வேண்டிய அறிவு நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் கற்ற பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் அப்பாற்பட்டதன்று. ஆதலின், இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும் இதனைப் படித்தல் தகும்.

நோயறிய விரும்புவோன் முதலில் உடற்கூறு அறிதல் வேண்டும். வீடு குளிர்ந்ததும் சுவரிலுள்ள தெர்மோஸ்ரற் 24 வோல்ற்று மின்சுற்றொன்றை மூடி உலைக்கு ஆணையிடும். உடனே எரிவாயு வருவதில்லை. முதலிற் சிறு விசிறியொன்று சுழன்று, தகனத்தால் உண்டாகும் வாயுக்களை வெளியேற்றும் பாதையைத் திறந்துவைக்கும். அப்பாதை அடைபடாதிருப்பதை அமுக்க ஆளியொன்று சோதித்துச் சான்று கூறும். பின்னர்ப் பற்றவைக்குந் தண்டு செஞ்சூடாக ஒளிரும். அதன் பின்னரே வால்வு திறந்து எரிவாயு பாய்ந்து தீப்பற்றும். சுவாலை உண்டென்பதை வேறொரு தண்டு உணர்ந்து அறிவிக்கும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் அளவில், வெப்பமாற்றி எனப்படும் உலோக அறைகள் போதிய சூடேறியபின், பெருவிசிறி சுழன்று வெப்பக் காற்றை வீடெங்குஞ் செலுத்தும். ஒவ்வொரு படியும் முன்னைய படிக்குச் சான்று கிடைத்தபின்னரே தொடங்குவதைக் கவனிக்க. ஆதலின், தெர்மோஸ்ரற்றை உயர்த்திவிட்டு உலையருகே ஐந்து நிமிடம் நின்று செவிகொடுத்துக் கேட்பவனுக்கு, அது எந்தப் படியில் தடைப்பட்டது என்பதிலேயே நோயின் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஓய்ந்து நிற்கும் உலை பெரும்பாலும் தன் காவலர் சொற்கேட்டு ஓய்ந்ததாகும். உண்மையில் அஞ்சத்தக்கது கெட்டபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் உலையே. ஓய்ந்ததை எப்படியேனும் ஓட்டிவிடவேண்டுமென்று காவல் ஆளியைக் கம்பியால் இணைத்து ஏமாற்றுபவர், முன்னதைப் பின்னதாக மாற்றுகின்றார்.

உலை முற்றாக அசைவற்றிருப்பின் முதலில் எளியவற்றைப் பார்க்க. உலையருகிலோ நிலக்கீழ்ப் படிக்கட்டின் தலைப்பிலோ மின்விளக்கு ஆளி போன்றதோர் ஆளி உண்டு. விளக்கென்று எண்ணிப் பிள்ளைகள் அதனை அணைத்துவிடுவர். தெர்மோஸ்ரற்றின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். பெட்டியின் கீழ்க்கதவு சரியாகப் பொருந்தாவிடினும் அதன் பின்னுள்ள ஆளி மின்னைத் தடுத்துவிடும். இவையெல்லாஞ் சரியாயின், உள்ளே சிமிட்டும் சிறு விளக்கைப் பார்க்க. அது சிமிட்டுந் தடவைகளின் பொருள் கதவின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தொழிலாளரை அழைக்கும்போது அவ்வெண்ணையுங் கூறினால் அவர் வேண்டிய உறுப்பைக் கையோடு கொண்டுவருவார்.

நிற்க, மிகப் பொதுவான நோய் அழுக்கடைந்த காற்று வடியினால் வருவது. வீட்டுக் காற்று உலைக்குள் மீளும் வாயிலில் அட்டைச் சட்டமிட்ட வடியொன்று செருகப்பட்டிருக்கும். தூசியால் அது அடைபடின் காற்றோட்டங் குன்றும். வெப்பமாற்றி தன் வெப்பத்தைக் கொடுக்க வழியின்றி அளவுக்குமேற் சூடேறும். எல்லை ஆளி தலையிட்டு எரிவாயுவை நிறுத்தும். விசிறி ஓடிக்கொண்டிருக்க, வரும் காற்றோ குளிர்ந்திருக்கும். சூடு ஆறியதும் மீண்டும் பற்றும், மீண்டும் நிற்கும். நம்மவர் வீடுகளில் தாளிதப் புகையும் சாம்பிராணிப் புகையும் இவ்வடிக்கு மேலதிகச் சுமையாகும். ஓர் அங்குலத் தடிப்புள்ள வடியை மாதமொருமுறை பார்த்து, 1 முதல் 3 மாதத்துக்கொருமுறை மாற்றுக. 4, 5 அங்குலத் தடிப்புள்ளவை 6 மாதம் முதல் ஓராண்டு வரை பயன்தரும். சட்டத்திலுள்ள அம்புக்குறி உலையை நோக்கியிருத்தல் வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிக்கலாமென்று அறைகளின் காற்றுவாய்களை மூடுவதும், அவற்றின்மேல் அரிசி மூட்டை அடுக்குவதும் இதே நோயை வருவிக்கும்.

இரண்டாவது நோய் பௌதிக மாணவருக்குச் சுவை தருவது. உலை பற்றுகின்றது, சில விநாடிகளில் அணைகின்றது, மீண்டும் பற்றுகின்றது, மீண்டும் அணைகின்றது, சில முயற்சிகளின்பின் முற்றாக ஓய்கின்றது. இங்கே பிழை பெரும்பாலும் சுவாலையை உணருந் தண்டில் உள்ளது. சுவாலையில் அயன்கள் உண்டாதலின் அது மின்னைக் கடத்தும். அத்தண்டுக்கு ஆடலோட்ட அழுத்தம் கொடுக்கப்படுகின்றது. தண்டு சிறிது, எதிரேயுள்ள எரியியின் உலோகப் பரப்போ பெரிது. ஆகையால் மின் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் பாய்ந்து, சில மைக்கிரோ அம்பியர் அளவான நேரோட்டமாகின்றது. இந்நேரோட்டம் வந்தால்மட்டுமே சுவாலை உண்டென்று உலை நம்பும். தண்டின்மேல் ஒட்சைட்டுப் படலம் படர்ந்துவிடின் அந்நுண்ணிய ஓட்டம் தடைப்படும். கண்ணெதிரே தீ எரிந்தும், குருடனைப் போல உலை அதனைக் காணாது வால்வை மூடிவிடும். எரியாத வாயு வீட்டினுள் நிறையாவண்ணம் காப்பதற்கு அமைந்த ஏற்பாடு இது. அத்தண்டை மெல்லிய உருக்குப் பஞ்சினால் துடைத்தலே மருந்து. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் செய்விக்கும் பராமரிப்பில் இது அடங்கவேண்டும். இக்குறிக்குப் புதிய உலையே வாங்கவேண்டுமென்று ஒருவர் கூறின், இன்னொருவரையுங் கேட்டபின் முடிவு செய்க.

மூன்றாவது, நீரால் வரும் இடர். எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன். அது எரியும்போது காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகும். பழைய உலைகள் அந்நீராவியைப் புகைபோக்கிவழி வீணே போக்கின. புதியவை அதனைக் குளிர்த்தி ஒடுக்கி, அதன் மறைவெப்பத்தையுங் கவர்ந்துகொள்கின்றன. கனடாவிற் புதிதாக விற்கும் வீட்டு உலைகள் குறைந்தது 95 வீதத் திறனுடையனவாதல் வேண்டுமென 2019ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது; அத்திறன் இவ்வொடுக்கத்தாலேயே கைகூடுவது. ஆனால் ஒடுங்கிய நீர், ஒரு நாளிற் பல லீற்றர், மெல்லிய குழாயொன்றினால் வடிந்தாகவேண்டும். அக்குழாய் அழுக்கால் அடைபடின் நீர் உள்ளே தேங்கி, அமுக்க ஆளி சான்று கூற மறுக்கும். உலையடியில் நீர் தேங்கியிருத்தல் இதன் அடையாளம். இத்தகைய உலைகளின் வாயுக்கள் சுவரைத் துளைத்து வெளிவரும் வெண்ணிறப் பிளாஸ்ரிக் குழாய்வழி செல்வதால், பெரும் பனி பொழிந்த மறுநாட் காலையில் அக்குழாய் வாய்களைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிடுதல் நன்று. உலை நின்றதென்று அழைக்கப்பட்டு வருந் தொழிலாளர் சில வேளைகளிற் கையால் பனியைத் தள்ளிவிட்டுக் கூலி பெற்றுச் செல்வதும் உண்டு.

இனி, நிற்காமல் ஓடும் உலையின் ஆபத்தைக் கூறுவாம். ஆய்வுகூடத்துப் பன்சன் சுடரடுப்பை நினைவுகூர்க. காற்றுத்துளை திறந்திருக்கையில் நீலச் சுவாலை; மூடியவுடன் மஞ்சட் சுவாலை, பாத்திரத்தின் அடியிற் கரி. உலையிலும் அவ்வாறே. நீலச் சுவாலை நிறைவான தகனத்தையும், சோம்பியாடும் மஞ்சட் சுவாலை குறைத் தகனத்தையும் காட்டும். குறைத் தகனத்தில் தோன்றுவது காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் சேர்ந்துவிடும். வெப்பமாற்றி ஆண்டுக்கணக்காகச் சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் வெடிப்புற்றால், அல்லது வாயுக்கள் செல்லும் வழி அடைபட்டால், இந்நஞ்சு வீட்டுக் காற்றிற் கலக்கக்கூடும். பெருவிசிறி தொடங்கிய கணத்தில் சுவாலை கலைந்து ஆடுதல் வெடிப்பின் குறிகளுள் ஒன்று. பெட்டியருகே கரி படிதலும், சன்னல்களில் வழக்கத்துக்கு மாறாக ஈரம் பூத்தலும் ஐயத்துக்கு இடந்தருவன.

மனித உடல் காட்டுங் குறிகளே மிகவும் ஏமாற்றுவன: தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, மயக்கம். சளிக்காய்ச்சலென்று எண்ணிப் படுப்போர் பலர். ஆனால் உடற் சூடு ஏறியிராது. வீட்டிலுள்ளார் பலருக்கும் ஒருங்கே வரும்; வெளியே சென்றால் தணியும்; திரும்பினால் மீளும். 2008ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், அடைபட்ட புகைவழி காரணமாக எரிவாயுக் கணப்பிலிருந்து கசிந்த காபனோரொட்சைட்டினால் பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே மாண்டது. அவ்வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அத்துயரின் விளைவாக 2013இல் ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறிற்று. எரிபொருட் கருவியுள்ள வீடுகளிற் படுக்கையறைகளுக்கு அருகே இவ்வெச்சரிக்கைக் கருவி இருத்தல் அங்குக் கட்டாயமாயிற்று. படிக்கவும் உழைக்கவும் புதிதாகச் செல்லும் நம் இளைஞர் பலர் வாடகைக்குத் தங்குவது நிலக்கீழ் அறையில், உலைக்குப் பக்கத்துச் சுவரிலன்றோ! வாடகை பேசுமுன் அக்கருவி எங்கே என்று கேட்கக் கூச்சப்படவேண்டா. அதனை அமைப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கருவிக்கும் ஆயுள் உண்டு; பின்புறத்தில் அச்சிட்ட திகதி கடந்ததாயின் மாற்றுவிக்க வேண்டும். அது ஒலித்தால் சன்னலைத் திறந்துவிட்டுப் படுப்பதன்று செய்யத்தக்கது. அனைவரும் வெளியேறி, எண்ணிப் பார்த்து, வெளியே நின்று 911 எண்ணுக்கு அழைத்தல் வேண்டும்.

எரிவாயுவின் கசிவு வேறு. அதற்கும் இயல்பாக மணமில்லை. கசிந்தால் அறியும்பொருட்டுக் கந்தகச் சேர்வையொன்றைக் கலந்து கூழ்முட்டை நாற்றம் வருவிக்கின்றனர். அந்நாற்றம் வலுத்தால் எந்த ஆளியையும் போடாமலும் அணைக்காமலும், உள்ளிருந்து தொலைபேசாமலும் வெளியேறுக.

உலை ஓய்ந்த இரவிற் செய்வன சில. ஓரறையில் அனைவரும் கூடி அதன் கதவை அடைத்துக்கொள்க. வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களின் நீரை மெல்லிய தாரையாக ஒழுகவிடுக. தொட்டியின் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைக்க. மின்தடையிலும் எரிவாயு உலை ஓடாது. அதன் விசிறிகளுக்கும் வால்வுக்கும் மின் வேண்டும். 2013 டிசெம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோது, வீட்டினுள் கரியடுப்பு மூட்டியும், மின்பிறப்பாக்கியை வாகனக் கொட்டிலில் ஓட்டியும் நஞ்சுண்டோர் பலர். கரிச்சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்த ஊர்ப் பழக்கம் காற்றோடும் ஓட்டு வீட்டுக்குப் பொருந்தும். காற்றுப் புகாவண்ணம் அடைத்துக் கட்டிய கனடிய வீட்டில் அது உயிர்கொல்லி. சமையலடுப்பைத் திறந்து வைத்துக் குளிர்காய்தலும் அத்தகையதே.

ஈற்றில், தொழிலாளரைப் பற்றி ஒரு சொல். ஒன்ராறியோவில் எரிவாயுத் தொழிலாளருக்கு அத்தாட்சி வழங்குவது தொழில்நுட்பத் தரங்கள் பாதுகாப்பு அதிகார சபை. ஆபத்தான உலையைக் கண்டால் அவர் எரிவாயுவை நிறுத்திச் சிவப்புச் சீட்டுக் கட்டுவதுண்டு. அதனை நாமே அவிழ்த்தெறிதல் தகாது. ஐயமாயின் மற்றொரு வல்லுநரைக் கொண்டு மறுபடி பார்ப்பிக்கலாம். அழையாமலே படலையைத் தட்டி, உங்கள் உலை ஆபத்தானது, இன்றே ஒப்பமிடுக என்பவர் வேறு இனத்தவர். அவ்வாறு வீடுவீடாகச் சென்று உலை விற்றலும் வாடகைக்கு விடுதலும் ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. தனித்திருக்கும் முதிய பெற்றோருக்கு இதனைப் பிள்ளைகள் தமிழில் எடுத்துரைத்து, நம்பத்தக்க தொழிலாளர் ஒருவரின் தொலைபேசி எண்ணை உலைக் கதவிலேயே பெரிதாக எழுதி ஒட்டிவைத்தல் நன்று.